அறுபத்தொன்றாம் நிலையத்துப் பால்

தாழைப்பேரியில் பதில்கள் நின்றுபோனது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, எட்டேகால் பேருந்து வந்து போன கையோடு. அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் ஊரில் யார் எதைக் கேட்டாலும் யாராவது எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லப்போனால் தாழைப்பேரிக்காரர்களைப் போலப் பதில் சொல்லவென்றே பிறந்தவர்கள் அந்த மலையடிவாரத்தில் வேறு எங்கும் கிடையாது. வழி கேட்டு வந்தவனிடம் 'தெரியாது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை, தெரிந்த ஊருக்கு ஒரு கையும் தெரியாத ஊருக்கு இரண்டு கையும் காட்டி அனுப்புவார்கள், அப்படி அனுப்பப்பட்ட ஒரு பூச்சிமருந்து வியாபாரி மூன்று ஊர் சுற்றிச் சாயங்காலம் மறுபடி இங்கேயே வந்து இறங்கியபோது அவனுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, இன்னொரு வழி சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் வந்தது நான்கு ஆட்கள், ஒரு மூட்டை புண்ணாக்கு, நீல மூடி போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். கேனின் வயிற்றில் 61 என்று ஒட்டியிருக்கும். அதை வாங்கிக்கொள்ள நின்றவள் செண்பகவல்லி. நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் ஊர்களில், ஒரு ஊரில் காற்று, ஒரு ஊரில் மீன், ஒரு ஊரில் மழைத்தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் கதிர்வீச்சு ஏதும் கலந்திருக்கிறதா என்று தூரத்து நகரம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது; மாதிரி வலை என்று அதற்குப் பெயர். தாழைப்பேரிக்கு வாய்த்தது பால். உலகத்தின் எந்த மூலையில் எந்த அணு உலை கசிந்தாலும் அது காற்றில் ஏறி, மழையில் இறங்கி, புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றுக்குள் போய், கடைசியில் பாலில் வந்து நிற்குமாம். ஒன்றும் இல்லாத இடத்துப் பால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்ற இடத்துப் பாலைப் பற்றிப் பேச முடியும் என்று, ஒன்றுமே இல்லாத ஊராகத் தேடித் தேடி அவர்கள் தாழைப்பேரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்றுமே இல்லாத ஊர் என்றதில் ஊருக்கு வருத்தம்தான். ஆனாலும் ஜீப்பில் வந்து சொன்னதால் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அது நடந்து பதினோரு வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முத்து முத்தாக எழுதுகிற கையும் வைத்திருந்த செண்பகவல்லியை மாதிரி சேகரிப்பவளாகப் போட்டார்கள். பால் கொடுக்கிற வீடாக ஊரின் மேலக்கோடியில் முப்புடாதியின் தொழுவத்தைக் குறித்துக்கொண்டார்கள். கலப்பில்லாத மேய்ச்சல், மலைப் புல், வெள்ளச்சி என்று ஒரு நாட்டுப் பசு. முப்புடாதி அப்போது எட்டு மாதக் கைக்குழந்தையோடு நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை, சுபிக்ஷா என்று பெயர். ஜீப்பில் வந்த அதிகாரி கதிர்வீச்சு, பால், புல் என்று எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பம் இந்தப் பால எம் பிள்ளைக்குக் குடுக்கலாமா சார்?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரிசல்ட் வரட்டும்மா," என்றார்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்த செண்பகவல்லி, கேட்காமலே அதற்கு ஒரு வால் ஒட்டினாள்: "ரெண்டு வாரத்துல வந்துரும்க்கா. அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

முப்புடாதி பொறுத்துக்கொண்டாள். இரண்டு வாரம் பொறுத்தாள், இரண்டு மாதம் பொறுத்தாள், பல் முளைத்து, நடை பழகி, பள்ளிக்கூடம் போய், பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வருகிறவரைக்கும் பொறுத்தாள். வீட்டில் பசு நிற்க, பிள்ளைக்கு மட்டும் டவுனிலிருந்து பாக்கெட் பால். தொழுவத்துப் பால் சொசைட்டிக்குப் போகும். சொசைட்டியிலிருந்து லாரியில் டவுனுக்குப் போகும். டவுனில் பாக்கெட்டுக்குள் புகுந்து பேருந்தேறி முப்புடாதி வீட்டுக்கே திரும்பி வரும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்று ஊர் சிரித்தது. அவள் யார் சிரிப்பையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பிள்ளைக்கு ஒரு சொட்டும் கொடுக்கவும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை பால் போகும். போன கேன் அடுத்த தடவைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும், கழுவி, துடைத்து, மூடி இறுக்கி, வெறுமையாக. ஒரு சீட்டு இருக்காது. ஒரு எழுத்து இருக்காது. செண்பகவல்லி நாற்பத்து மூன்று கடிதம் எழுதினாள்; எல்லாம் கிணற்றில் போட்ட கல். போன் செய்தால் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லி, கால் மணி நேரம் வீணை வாசித்து, தொடர்பைத் துண்டித்துவிடும். ஒவ்வொரு செவ்வாயும் அவள் வெறும் கேனோடு மேலக்கோடிக்கு நடப்பதும், முப்புடாதி வாசலில் நின்று "வந்துட்டாட்டி?" என்பதும், இவள் "இல்லக்கா" என்பதும் வழக்கமாகிப்போனது. அந்த 'இல்லக்கா'வைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே வெறுத்துவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் பொல்லாதது. அது அவளோடேயே சாப்பிட்டது, அவளோடேயே பேருந்துக்குக் காத்து நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது இருநூற்று எண்பத்தாறாவது வெறும் கேன்.

"வந்துட்டாட்டி?" என்றாள் முப்புடாதி.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். 'இல்லக்கா' வரவில்லை. தலையை ஆட்டப் பார்த்தாள், தலை ஆடவில்லை. கையை விரிக்கப் பார்த்தாள். கை இடுப்போடு நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டு கேனைக் கீழே வைத்தாள்.

"என்னட்டி, தொண்ட கட்டிட்டா?"

அதற்கும் ஒன்றும் வரவில்லை. "எக்கா, எனக்கு என்னமோ பண்ணுது" என்று தானாகச் சொல்ல மட்டும் முடிந்தது. சொல்லிவிட்டு, "ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். முப்புடாதி வாயைத் திறந்தாள், மூடினாள்.

உச்சிப்பொழுதுக்குள் ஊருக்கே விஷயம் பிடிபட்டது. யாருக்கும் பேச்சு நிற்கவில்லை, பாட்டு நிற்கவில்லை, வசவு நிற்கவே இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் கிடையாது. கேட்காமல் நீயாகச் சொன்னால் சொல்லலாம். ஒருவன் கேட்டுவிட்டானோ, போச்சு, அந்தக் கேள்விக்கான பதில் உள்நாக்குக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் பேனா தாளில் நின்றது. எப்போது கேட்ட கேள்வியாக இருந்தாலும் சட்டம் அதேதான்; போன வருஷம் கேட்டதும் பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டதும் கேட்டதுதான்.

முதல் இரண்டு நாள் கொஞ்சம் கலவரமாக இருந்தது. மூன்றாம் நாள் ஊர் பழகிக்கொண்டது. 'சாப்பிட்டியா?' என்பதை விட்டுவிட்டு 'சாப்பிட்டிருப்ப' என்று சொல்லத் தொடங்கினார்கள். சாப்பிடாதவன் கேட்காமலே 'இன்னும் இல்ல' என்று அறிவித்தான். கடைக்குப் போனவர்கள் கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்னே அரைக் கிலோ சீனி, அச்சு வெல்லம், சில்லறை இல்லை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். வெளியே கிளம்புகிறவனை 'எங்க போற?' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று காலங்காலமாகச் சொல்லியும் கேட்டுக்கொண்டிருந்த ஊர், முதல்முறையாக அதைக் கேட்பதை நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்க முடியாமல் டீச்சர் அழுதாள், பிள்ளைகள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்குத்தான் உச்சி குளிர்ந்தது. குடிதண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் அவர் முன்பும் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லாததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஊர் எல்லையில் ஓடைமேல் ஒரு பாலம். அதைத் தாண்டிவிட்டால் பதில்கள் சரளமாக வந்தன, இதைக் கண்டுபிடித்தவன் பேருந்தைத் தவறவிட்டு நடந்துபோன ஒரு எலக்ட்ரீசியன். அதற்கப்புறம் பாலத்துக்குப் போக வர ஆள் நடமாட்டம் ஓயவில்லை. காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பாலத்துக்கு நடந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். புருஷன் பெண்டாட்டி வீட்டில் சண்டையைத் தொடங்கி, 'ஒங்கம்மாட்ட என்ன சொன்ன?' என்ற இடம் வந்ததும் இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றாகப் பாலத்துக்குப் போனார்கள். ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடந்ததில் பாதிச் சண்டை வழியிலேயே உதிர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கிற கட்டத்தில், பெண், பஜ்ஜித் தட்டு, இரு வீட்டார் முப்பது பேர் என்று ஊர்வலமாகப் பாலம் தாண்டினார்கள். பெண் அங்கே நின்று காற்று வாங்கி, யோசித்து, 'இல்லை' என்றாள். கோவில் கொடை விழாவில் சாமியாடியிடம் குறி கேட்டபோது சாமி ஒன்றும் சொல்லாமல் திருநீற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது. சாமிக்கே பதில் இல்லை என்றால் மனுஷர் எம்மாத்திரம் என்று ஆறுதல்பட்டார்கள்.

முப்புடாதி மட்டும் பாலத்துக்குப் போகவில்லை. அவள் கேள்விக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை வந்தால் பாலைக் கறந்து, துணியில் வடிகட்டி, கேனில் ஊற்றி, மூடிக் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் அவள் பார்த்த பார்வைதான் செண்பகவல்லியைக் கொன்றது. கேட்டுத் தொலைத்தாலாவது 'இல்லக்கா' என்று சொல்ல முடியாமல் நின்றுவிட்டுப் போகலாம்.

சித்திரை பிறந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியமர நிழலில் ஊர் கூடியது. ஏன் இப்படி ஆனது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ரேஷன் கடை கோயில்பிச்சை எழுந்து, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாததைச் சொன்னார்.

"பக்கத்து வீட்டுல ஒரு கிண்ணம் கொழம்பு வாங்குனா, கிண்ணத்த வெறுசாவா திருப்பிக் குடுப்போம்? ஒண்ணுமில்லன்னா ஒரு பிடி உப்பாவது போட மாட்டமா? இந்தச் சவம் கேனு பதினோரு வருசமா வெறுசா வருது. அம்புட்டு வெறுசும் எங்க போவும்? ஊருக்குள்ளதான கெடக்கும்!"

எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள்.

"என்ன எதுக்குப் பாக்கிய?" என்று அவள் எழுந்தாள். "நாற்பத்து மூணு கடுதாசி எழுதியிருக்கேன். வீணையக் கேட்டுக் கேட்டு எங்காது பழுத்துட்டு. பதில நானா முழுங்கிட்டேன்?"

"நீதான ரெண்டு வாரம்னு சொன்ன?" என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து முப்புடாதியின் குரல். முதல்முறையாக அவள் பாலம் தாண்டி வந்திருந்தாள்.

அந்தப் பக்கம் என்பதால் பதில் வந்தது. "ஆமாக்கா. நாந்தான் சொன்னேன்."

அடுத்த திங்கட்கிழமைப் பாலைச் செண்பகவல்லி பார்சலில் போடவில்லை. பால் திரியாமல் இருக்க அவர்கள் கொடுத்திருந்த மருந்தில் நான்கு சொட்டு விட்டு, கேனை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து போய், ஆய்வுக்கூடத்து வாசல் கேட்டில் இரண்டு மணி நேரம் நின்று, ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, இன்னொரு பதிவேட்டில் அதே கையெழுத்தைப் போட்டு, ரகுநந்தன் என்று பலகை வைத்த மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நல்ல மனிதர். எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவருக்குப் பதில் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அறுபத்தொண்ணா? அடடே, நீங்கதானா அது!" என்றார். கேனை வாங்கி மூடியைத் திறந்து, ஒரு கரண்டியை உள்ளே விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். கரண்டியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கரித்துண்டு கிடந்தது. "பதினோரு வருஷமா இதைப் பார்த்துட்டிருக்கோம். எதுக்கும்மா இதைப் போடறீங்க?"

செண்பகவல்லி கரித்துண்டைப் பார்த்தாள். பாலை வாசல் தாண்டி அனுப்புகிறபோது கண் படாமல், காற்றுக் கருப்பு அண்டாமல் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைப் போடுவது முப்புடாதி வீட்டில் மட்டுமா, அவள் அம்மா போடுவாள், அவளே போடுவாள். மூடியைத் திருகுவதற்கு முன்னால் முப்புடாதியின் கை அடுப்புப் பக்கம் போய்வருவதை இருநூற்றுச் சொச்சம் தடவை நின்று பார்த்திருக்கிறாள். கண்ணால் பார்த்தது கருத்தில் ஏறியதே இல்லை. தாளிக்கிறபோது கறிவேப்பிலை கிள்ளிப் போடுவதை யார் கவனிக்கிறார்கள்?

"கரித்துண்டு விழுந்த பாலை அளக்க முடியாதும்மா. கரி எதை உறிஞ்சுச்சு, எதைக் கூட்டுச்சுன்னு தெரியாது. விதிப்படி 'வெளிப்பொருள் கலந்தது'ன்னு போட்டு நிராகரிச்சுட்டோம்."

"எந்தத் தடவை சார்?"

"எல்லாத் தடவையும்."

அவர் ஒரு கட்டைத் தூக்கி மேசையில் போட்டார். எல்லாம் அவள் எழுதின படிவங்கள், முத்து முத்தான எழுத்து. நிலையம், தேதி, பசுவின் பெயர். கடைசிக் கட்டத்தில் அச்சடித்த கேள்வி: பாலில் வேறு ஏதாவது சேர்க்கப்பட்டதா? ஒவ்வொன்றிலும் அவள் கையால்: இல்லை. இல்லை. இல்லை.

"நீங்க இல்லைன்னுதான் எழுதியிருக்கீங்க," என்றார் ரகுநந்தன், குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

அவள் பொய் எழுதவில்லை. கரித்துண்டு சேர்க்கிற பொருளா? அது காவல். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒரு வரி எழுதக் கூடாதா சார்? கரி போடாதீங்கன்னு ஒரு வரி? ஒரு பிள்ள பதினோரு வருசமா..." என்றாள்.

"சேகரிக்கிறவங்களுக்குப் பதில் அனுப்பற நடைமுறை கிடையாதும்மா. முடிவுகள் மேலே போகும், மேலேயிருந்து வருஷ அறிக்கையில வரும்."

"அதுல எங்க ஊரு இருக்கா?"

"இருக்கே!" அவருக்கே சந்தோஷம். அறிக்கையைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். நிலையம் 61, பால்: கண்டறியும் அளவுக்குக் கீழ்.

"அளக்கவே இல்லன்னீங்களே?"

"அளக்கலைதான். ஆனா கட்டத்தைக் காலியா விட விதி இல்லை. சுத்தி இருக்கற நிலையங்கள்ல அப்படித்தான் வந்திருக்கு, அதனால அதையே போட்டுட்டோம்."

"அப்பம் பால்ல இருக்கா, இல்லையா?"

"இல்லாத மாதிரிதான்."

செண்பகவல்லி எழுந்துவிட்டாள். "கட்டத்தக் காலியா விட விதி இல்ல. கேன காலியா அனுப்ப மட்டும் விதி இருக்கோ சார்?" என்றாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தாழைப்பேரியின் வியாதி இங்கேயும் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

கேன் கழுவுகிற இடத்தில் வேணு என்று ஒருவர் இருந்தார். அவளுடைய கேனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தவர், அலமாரிக்கு மேலிருந்து நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில்களை இறக்கினார். நான்கிலும் கழுவிக் காயவைத்த கரித்துண்டுகள். மேலே 61 என்று சீட்டு.

"கண்ணேறுக்குப் போடறதுன்னு எனக்குப் பார்த்ததுமே தெரியும்மா. எங்க வீட்டுலயும் போடுவாங்க. காவலுக்குப் போட்டதக் குப்பைல எப்படிக் கொட்டறது? அதான் எடுத்து வெச்சேன்."

"இத அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணா!"

"என்னை யாரும்மா கேட்டாங்க?" என்றார் வேணு.

நான்கு பாட்டிலையும் கேனுக்குள் கவிழ்த்து, மூடியை இறுக்கிக் கொடுத்தார். வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தனக்கும் தெரியும், என்ன செய்வது, உத்தரவு இல்லை என்றார்.

மறுநாள் எட்டேகால் பேருந்தில் அவள் வந்து இறங்கியபோது ஊரே நிறுத்தத்தில் நின்றது. யாரும் எதையும் கேட்கவில்லை. கேன் கனக்கிறது என்பதை அவள் தோள் சாய்ந்திருந்ததிலேயே பார்த்துவிட்டு, வழி விட்டு, மேலக்கோடி வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். தொழுவத்தில் வெள்ளச்சியின் மகள் நின்றது. முப்புடாதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுபிக்ஷா பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடையோடு கிளம்பி நின்றாள்.

முப்புடாதி மூடியைத் திருகினாள். உள்ளே பார்த்தாள். கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். தன் அடுப்புக் கரி அவளுக்குத் தெரியாதா? விறகு மாறின வருஷம், உடைமரம் வெட்டின வருஷம், மழையில் தேங்காய் மட்டையை எரித்த வருஷம், எல்லாம் கையில் இருந்தது. ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கரியைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது. இருநூற்று எண்பத்தொன்பது தடவை எதைக் காக்க எதைப் போட்டாளோ, அதுவே வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

அவள் நிமிர்ந்தாள். ஊருக்குள் ஒரு மாதத்துக்கு மேலாகப் பதிலை எதிர்பார்த்து யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

"ஏட்டி செம்பகம். இந்தப் பால எம் பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

செண்பகவல்லிக்குத் தெரியும், வாயைத் திறந்தாலும் ஒன்றும் வரப்போவதில்லை. குடுக்கலாம் என்று சொல்ல ஆசை, நாக்கு எழவில்லை. குடுக்கக்கூடாது என்று சொல்லப் பார்த்தாள், எழவில்லை. அறிக்கையில் இருந்ததைச் சொல்லலாம் என்றால் அதுவும் தொண்டைக்கே வரவில்லை. பதினோரு வருஷத்துக் கோபத்துக்கும் கூச்சத்துக்கும் அடியிலிருந்து, ஊரில் பிறந்த யாரும் ஒருநாளும் சொல்லிப் பழகாத வார்த்தை ஒன்று வந்தது.

"தெரியாதுக்கா."

தன் குரலைத் தானே கேட்டு அவள் திடுக்கிட்டாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது, தெரியாமத்தான் ரெண்டு வாரம்னேன். அவங்களுக்கும் தெரியாது. அவங்க ஒரு தடவகூடப் பாக்கவே இல்ல. பாக்காமலே எழுதியிருக்காங்க. யாருக்கும் தெரியாதுக்கா!"

சொல்லி முடிக்கும் முன்பே தெருவில் சத்தம் தொடங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேலாக உள்நாக்குக்குக் கீழே கிடந்த பதில்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. ஆமா, இல்ல, நாளைக்கு, அரைக் கிலோ, நான் எடுக்கல, எட்டேழு ஐம்பத்தாறு, அவதான் மொதல்ல சொன்னா என்று கேள்வி இல்லாத பதில்களாக வீட்டுக்கு வீடு கொட்டின. பஞ்சாயத்துத் தலைவர், குடிதண்ணீர் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்ற உண்மையைத் தன்னை அறியாமல் உளறிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

முப்புடாதி தொழுவத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு வருசம்," என்றாள். "வீட்டுல பசுவ வச்சிக்கிட்டு ஒரு சொட்டு குடுக்கலயே. ஏட்டி சுபி, ஒருநா கூட நீ கேக்கலயேட்டி, குடிச்சதே இல்லயேட்டி?"

"குடிச்சிருக்கேம்மா," என்றாள் சுபிக்ஷா.

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"வெவரம் தெரிஞ்ச நாளுல இருந்து தெனமும் குடிக்கேன். நீ சொசைட்டிக்குப் போன பொறவு. கன்னுக்குட்டிய அவுத்து விடுதப்ப, அதுகூடச் சேந்து நானும் மடியில வாய வச்சு..." நாக்கைத் தானே கடித்துக்கொள்ளப் பார்த்தாள். "என்ன யாரும் கேக்கல, அதான் சொல்லல."

முப்புடாதி மகளைப் பார்த்தாள். நெற்றி, பல், கழுத்து, முழங்கை, கால் விரல் என்று புதிதாகப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள். நன்றாக இருக்கிற மாதிரிதான் இருந்தாள். அந்த 'மாதிரி' முப்புடாதிக்குப் போதவில்லை. எழுந்து வந்து செண்பகவல்லியின் கையைப் பிடித்து, மகளின் கையை அதில் வைத்தாள்.

"அவனுவளுக்கு மாதிரிதான வேணும்? இந்தா, பதினோரு வருசத்து மாதிரி. இதுல அளந்து சொல்லச் சொல்லு. வா, நானும் வாரேன். சொல்லுத வரைக்கும் அங்கனயே உக்காருவோம்."

அடுத்த திங்கட்கிழமை எட்டேகால் பேருந்து திரும்புகிறபோது மூன்று பேர் ஏறினார்கள். செண்பகவல்லியின் மடியில் கேன், அதில் கரி விழாத வெறும் பால். ஜன்னலோரம் சுபிக்ஷா. முப்புடாதி வீட்டை விட்டுக் கிளம்புகிறபோது பழக்கத்தில் கை அடுப்பங்கரைக்குப் போய், ஒரு கரித்துண்டை எடுத்து, கேனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் அதை மகளின் பாவாடை நாடாவில் முடிந்துவிட்டிருந்தாள். பாலம் தாண்டும்போது நடத்துனர் வந்து நின்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். முப்புடாதி ஒரு முறை முறைத்துவிட்டுப் பிறகு சொன்னாள்.

செண்பகவல்லி படிவங்களை எடுத்தாள். ஒன்றைப் பாலுக்கு நிரப்பினாள். இன்னொன்றில், பேருந்து குலுங்கக் குலுங்க, கையெழுத்துக் கோணாமல் எழுதினாள். நிலையம்: 61. மாதிரியின் பெயர்: சுபிக்ஷா, வயது பதினொன்று. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்தி, பக்கத்தில் இருந்த பிள்ளையின் இடுப்பு முடிச்சை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். வேறு ஏதாவது சேர்க்கப்பட்டதா?

ஆம், என்று எழுதினாள். கரித்துண்டு ஒன்று. காவலுக்கு.